கிட்டாருக்கு எர்த்

இசை என்பது ஆண்டவர் மனிதனோடு பேசுவதற்கென்று உண்டாக்கிய முதல் மொழி. மற்ற மொழிகளெல்லாம் பாபேல் கோபுரம் இடிந்தபோது சிதறி விழுந்த செங்கல் துண்டுகள். அந்தோணியார்பேட்டையில் வருஷா வருஷம் ஜூன் பதின்மூன்றாம் தேதி, புனிதரின் திருநாளன்று, திருவிழாக் கமிட்டித் தலைவர் மரியசுந்தரம் மேடையேறி இதைச் சொன்ன பிறகுதான் கச்சேரி தொடங்கும். எண்பத்தொன்றிலும் சொன்னார். சொல்லிவிட்டு, கோட்டில் குத்தியிருந்த இரண்டு மெடலும் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்க, நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தனிஸ்லாஸ் தன் எலக்ட்ரிக் கிட்டாரின் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் செருகினான். ஆண்டவரின் முதல் மொழியில் அந்தக் கிட்டார் அன்று வாய் திறந்து பேசிய முதல் வாக்கியம் இது: "நடவு செய்த இருபதாம் நாள் ஏக்கருக்கு அரை மூட்டை யூரியாவை வேப்பம் பிண்ணாக்குடன் கலந்து இட வேண்டும்."

வானொலியில் உழவர்களுக்கான நிகழ்ச்சி. ரேடியோவே இல்லாத மேடைக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. தனிஸ்லாஸ் கம்பியைத் தொட்டான். குரல் கொஞ்சம் அடங்கியது. கையை எடுத்தான், பூச்சி மருந்துக்கு வந்துவிட்டது. முன் வரிசையில் ஒருத்தர் பக்கத்து ஆளிடம், "எத்தினி மூட்டைன்னு சொன்னான்?" என்று கேட்டார். "அரை" என்றார் அவர். அன்றைக்கு மாதா பாட்டு முழுக்க உரம் கலந்தே பாடப்பட்டது. மறுநாள் மில்லுக்குக் கிளம்பி சைக்கிளை மிதித்தவனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "யூரியா! யூரியா!" என்று வில்லியனூர் ரோடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

தனிஸ்லாஸுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. புதுச்சேரியில் ஒரு நூல் மில்லில் ஷிஃப்டு வேலை. கிட்டார் கல்கத்தாவில் செய்தது, மெட்ராஸில் வாங்கியது. இருந்ததிலேயே விலை குறைந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் அமெரிக்கா. கிட்டே வந்தால் பள்ளிக்கூடத்து பெஞ்சுக்குச் சிவப்பு பெயின்ட். அதற்குள் மூன்று சத்தங்கள் குடியிருந்தன. ஒயரைச் செருகியதும் அடிவயிற்றிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், கரும்புக் கொல்லையில் மோட்டார் ஓடுகிற மாதிரி. ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனால் பன்றியைப் பிடித்துக் காலைக் கட்டுகிற கிறீச்சல். இரண்டுக்கும் போக இடம் மிச்சமிருந்தால் கம்பியின் சத்தம்.

ஆனால் அந்த மூன்றாவது சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறான், மில் கேன்டீன் ரேடியோவில். என்ன பாட்டு என்றுகூட ஞாபகமில்லை. இரண்டு அடிகளுக்கு நடுவே ஏழெட்டு சுரம் கிட்டாரில் மட்டும் தனியாக வந்துவிட்டுப் போனது. ஏரியில் ஓட்டாஞ்சில்லை விட்டெறிந்தால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகுமே, அப்படி. டீ கிளாஸும் கையுமாக நின்றவனுக்கு ஷிஃப்டு சங்கு ஊதியது காதில் விழவில்லை. மேஸ்திரி வந்து தோளைத் தட்டியபோது, ஏதோ பூசையின் நடுவில் எழுப்பிவிட்ட மாதிரி அவரை முறைத்தான். அந்த ஏழெட்டு சுரத்தை ஒருநாள் தன் விரலால் எழுப்பிவிட வேண்டும் என்பதற்காக வாங்கியதுதான் கிட்டார். அது யூரியா பேசும் என்று கடைக்காரன் சொல்லவில்லை.

எண்பத்திரண்டில், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில், கோயிலுக்குள் கமிட்டி கூடியது. மரியசுந்தரம் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். சைகோன் வரைக்கும் போய் வந்தவர், பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. அங்கே அவர் துப்பாக்கி பிடித்ததைவிடக் கரண்டி பிடித்த நாள்தான் அதிகம் என்று ஆகாதவர்கள் சொல்வார்கள். கரண்டிக்கு மெடல் கொடுக்க பிரெஞ்சு சர்க்கார் என்ன கூறுகெட்டதா என்பது அவர் பதில். திருநாளன்று ஊருக்கெல்லாம் கொடுக்கிற அந்தோணியார் ரொட்டி அவர் செலவு. அதனால் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த பிறகு அவர் கையாலேயே ஒவ்வொருத்தருக்கும் எடுத்துக் கொடுப்பார். அந்தக் கையை எதிர்த்து அந்தக் கமிட்டியில் யாரும் பேசியதில்லை.

"இந்த வருசம் ரெக்கார்டு போட்டுக்கலாம்" என்றார். திருவாளர் என்பதற்கு அவர் வாயில் பிரெஞ்சு 'முசே'தான் வரும். "முசே தனிஸ்லாஸ், நான் சங்கீதத்துக்கு எதிரி இல்ல. உரத்துக்கும் எதிரி இல்ல. ரெண்டையும் ஒரே மேடையில ஏத்த வேணாம்னுதான் சொல்றேன்."

கமிட்டி விழுந்து விழுந்து சிரித்தது. தனிஸ்லாஸ் எழுந்தான். சிரிப்பு அடங்கும் வரை நின்றிருந்தால் நிதானமாகப் பேசியிருப்பான். அடங்கவில்லை. பீடத்தில் இருந்த அந்தோணியாரை நோக்கிக் கையை நீட்டிவிட்டான்.

"மூணே பாட்டு குடுங்க. மூணுல ஒரு தடவ அந்த மொனகல் உங்க காதுல வுழுந்திச்சின்னா, கிட்டார கோயில் ஏலத்துல வுட்டுடறேன். சாமி முன்னாடி சொல்றேன்."

சிரிப்பு நின்றது. கோயில் ஏலம் என்றால் நேர்த்திக்கடனாக வந்த சேவல், தேங்காய், பூசணிக்காய், ஆட்டுக்குட்டி இதையெல்லாம் தேர் கிளம்புவதற்கு முன்னால் மேசையில் வைத்துக் கூவி விடுவது. சாமி முன்னால் வாய்விட்ட பொருள் ஏலத்துக்குப் போயே தீர வேண்டும். மரியசுந்தரம் மிகுந்த பெருந்தன்மையோடு சம்மதித்தார். யூரியா நிகழ்ச்சி வரும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிற மாதிரி கச்சேரியை நாலரை மணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார்.

வீட்டில் கிரேஸ் மேரி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். அவள் அவனுக்கு அத்தை மகள். முறைப்பெண்ணைக் கட்ட பிஷப்பிடம் விசேஷ அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 'அந்தக் காயிதத்துல கிட்டாரப் பத்தி பிஷப்பு ஒரு வார்த்த எழுதல' என்பது அவளுடைய ஒன்பது வருஷக் குறை.

"அந்தோணியாரு தொலஞ்ச பொருள கண்டுபுடிச்சிக் குடுக்கறவருடி" என்றான் தனிஸ்லாஸ். "என் சத்தத்தயும் கண்டுபுடிச்சிக் குடுப்பாரு."

"தொலஞ்சாத்தான மாமா கண்டுபுடிப்பாரு? தொலையறதுக்கு அது எப்ப இருந்திச்சி?"

ஆனாலும் தவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திருநாளுக்கு மூன்று மாதம் இருந்தது.

பழைய கம்பியைக் கொதிக்க வைத்தால் புதுக்கம்பி மாதிரி பேசும் என்று புதுச்சேரியில் பேண்டு வாசிக்கிற ஒருத்தன் சொல்லியிருந்தான். புதுக்கம்பிக்கு மெட்ராஸ் போக வேண்டும். கொதிக்க வைக்க அடுப்பு போதும். கிரேஸ் மேரியின் மீன்குழம்புச் சட்டியில் ஆறு கம்பியும் சுருண்டு படுத்துக் கால் மணி நேரம் வெந்தன. கம்பி உண்மையிலேயே கொஞ்சம் பளிச்சென்று பேசியது. மீன்குழம்புதான் ஒரு வாரத்துக்குத் துருப்பிடித்த ருசியாக இருந்தது. அடுத்தது எலும்பு. கிட்டார் கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்குகிற சின்னக் கட்டை ஒன்று உண்டு; கல்கத்தாக்காரன் அதைப் பிளாஸ்டிக்கில் போட்டிருந்தான். நல்ல கிட்டாரில் அது எலும்பில் இருக்கும் என்று அதே பேண்டுக்காரன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைக் கறியில் வந்த நல்லி எலும்பைத் தனிஸ்லாஸ் சாப்பிடாமல் எடுத்து வைத்து, அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்தான். மூன்று ஞாயிறு, மூன்று எலும்பு. முதல் இரண்டும் கோணலாகப் போய் நாய்க்குப் போயின.

"பிளாஸ்டிக்குல ஒக்காந்தா கம்பி தூங்கிடும். எலும்புல ஒக்காந்தா முழிச்சிக்கும்" என்று அவளுக்கு விளக்கினான்.

"எலும்பக் கண்டா நாயும்தான் முழிச்சிக்குது. அத்த மேடையில ஏத்தறதுதான?"

கம்பி முழித்துக்கொண்டது. ஒயர் போடாமல் வாசித்தால் முன்பு கொசு மாதிரி கேட்டது இப்போது வண்டு மாதிரி கேட்டது. அந்த வண்டுக் குரலில் அவன் ஒரு மெட்டைக் காலையில் ஷிஃப்டுக்குப் போவதற்கு முன்னால் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். கீழே மூன்று சுரம் குட்டையாக, மேலே ஒன்று நீளமாக இழுத்துக்கொண்டு போய் மடங்கும். மூன்றாவது பாட்டு இதுதான், குரல் கிடையாது, கிட்டார் மட்டும். எங்கே பிடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் ஒயரைச் செருகினால் வண்டு போய் கரும்புக் கொல்லை மோட்டார் வந்துவிடுகிறது. அதற்கு நல்லி எலும்பு மருந்தில்லை.

மே மாதத்தில் ஒருநாள் கிட்டாரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து சைக்கிள் கேரியரில் கட்டி, வில்லியனூரில் மோட்டார் காயில் கட்டுகிற நடேசனிடம் கொண்டுபோனான். சுற்று வட்டாரத்துப் பம்புசெட்டுகளெல்லாம் புகைந்தால் நடேசனிடம்தான் வரும். ஐந்து எச்.பி.க்குக் கீழே தொடமாட்டேன் என்று சொல்லிக்கொள்கிற ஆள். கடை வாசலில் குடல் சரிந்த மோட்டார்கள் கிடந்தன. உள்ளே வார்னிஷ் வாடை.

"இன்னாபா இது, பொணமா?" என்றார் நடேசன்.

தனிஸ்லாஸ் விரிப்பை அவிழ்த்தான்.

"எத்தினி எச்.பி.?"

"எச்.பி. இல்லண்ணே. கிட்டாரு."

"கரண்டு போவுதில்ல?"

"போவுது."

"உள்ள காயில் கீதா?"

"கீதுன்னுதான் சொல்றாங்க."

"அப்ப மோட்டாருதான். எறக்கு."

ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தார். கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றி மயிரிழைக் கம்பியும் இருந்தன. "இது சுத்தாத மோட்டாரு" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் செருகிவிட்டு, தீப்பெட்டிக் குச்சியால் அந்தக் காயிலைத் தட்டினார். ஸ்பீக்கரில் டொக்கென்று கேட்டது. "பாத்தியா? சுத்து லூசா கீது. ஆடுது. அதான் பன்னி மாதிரி கத்துது. மோட்டாருன்னா வார்னிஷ்ல முக்கி எடுப்பேன். இது வெந்துடும். மெழுவு காச்சி ஊத்து, புடிச்சிக்கும்." அடுத்து, குழிக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ள சுத்தி ஈயத்தாள் ஒட்டு. வெளிய சுத்திக்கினு கீற ரேடியோவெல்லாம் உள்ள வராது." கடைசியாக ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு துக்கம் வந்தது.

"ரெண்டு முள்ளு. மூணாவது எங்க?"

"வரசொல்லவே ரெண்டுதாண்ணே."

"எர்த்தே இல்லாம நீ இத்தினி நாளு உசுரோட கீறதே பெருசு. பூமிக்குப் போவ வேண்டிய கரண்டு போவ வழி இல்லன்னா இன்னா பண்ணும்? அங்கயே நின்னுக்கினு மொனவும். மனுசன்னாலும் அப்டித்தான்."

தன் கடையின் எர்த் பைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஆம்ப்ளிஃபயரின் தகரத்தில் ஒரு நுனியையும், கிட்டாரின் கம்பிகள் வந்து முடிகிற இரும்பில் இன்னொரு நுனியையும் சுற்றினார். முனகல் நின்றது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய முனகல் என்று தெரிந்தது. தனிஸ்லாஸ் ஒரே ஒரு கம்பியை மீட்டினான். அது கடையை விட்டு வெளியே போய், ரோட்டைத் தாண்டி, எதிரில் சைக்கிள் கடைக்காரன் தலையைத் திருப்பிய பிறகுதான் அடங்கியது. தனிஸ்லாஸ் அடுத்த கம்பிக்கு விரலைக் கொண்டுபோனான். நடேசன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். "ஒனக்கு ஊர்ல இதே மாதிரி போட்டுத் தரேன். அஞ்சு எச்.பி.க்குப் போடற எர்த்து. கொறச்சலா போட எனக்குத் தெரியாது."

மெழுகுக்கு அலைய வேண்டியதில்லை. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திக் கட்டைகளை உபதேசியார் ஒரு தகர டின் நிறையக் கொடுத்தார். கிரேஸ் மேரியின் அதே சட்டியில் தண்ணீர் வைத்து, அதன் நடுவே டின்னை வைத்து உருக்கினார்கள். அரை ஊரின் வேண்டுதல் அதில் உருகியது: பத்தாம் வகுப்புப் பரீட்சை, தலைச்சன் பிரசவம், காணாமல் போன கிடாரி. காயிலை அதில் முக்கி எடுத்தான் தனிஸ்லாஸ். அன்றிலிருந்து கிட்டார் பன்றி மாதிரி கத்துவதை விட்டுவிட்டது. ஈயத்தாள்தான் சிக்கல். சிகரெட் பாக்கெட்டில் இருக்கும்; ஆனால் ஊரே பீடி குடிக்கிற ஊர். சிகரெட் குடிக்கிறவர் ஒரே ஒருத்தர்.

மரியசுந்தரம் ஈஸிசேரில் சாய்ந்தபடி தனிஸ்லாஸ் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அதாவது, என்னோட சிகரெட்டு இல்லாம உன் கிட்டாரு வாயத் தொறக்காது."

"அப்டியும் சொல்லலாங்க."

"எப்டியும் அதான்." காலிப் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லி வேலைக்காரிக்கு உத்தரவு போட்டார். பத்து நாளில் முப்பது பாக்கெட் வந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குடித்தார் என்று கேள்வி. கிட்டாரின் வயிற்றில் தனிஸ்லாஸ் அதைப் பசை தடவி ஒட்டினான். உள்ளே பார்த்தால் சாமியார் அங்கி மாதிரி மின்னியது.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் நடேசன் கடப்பாரையோடு வந்து இறங்கினார். மேடைக்குப் பின்னால், தென்னங்கீற்றுத் தட்டி மறைப்புக்கு அப்பால், ஐந்தடிக்குக் குழி தோண்டி, இரும்புப் பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, பைப்பின் வாயில் ஒரு புனலையும் வைத்தார். ஊர் கூடி நின்று பார்த்தது. "கிட்டாருக்கு போரு போடறாங்க" என்று ஒருத்தன் சொன்னான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மண் ஒன்றைத் தவிர. அந்த மேடு பொரபொரத்த செம்மண். நாலு மாதமாக மழை கிடையாது. ஊற்றிய தண்ணீரைக் கண்மூடித் திறப்பதற்குள் குடித்துவிட்டது.

"ஈரம் கீற வரைக்கும்தான் எர்த்து" என்றார் நடேசன். "காஞ்சா மொனகல் வந்துடும். பாட்டுக்கு அரை குடம் ஊத்திக்கினே இருக்கணும். ஆள் போடு."

ஆள் யார் என்பதில் சந்தேகம் இல்லை.

"தெரியும்" என்றாள் கிரேஸ் மேரி. "மொத வருசம் பெரியவன இடுப்புல வச்சிக்கினு பின்னாடி நின்னேன். அப்பறம் சின்னவ. அப்பறம் ஆர்மோனியப் பொட்டிக்கு உறைய புடிச்சிக்கினு நின்னேன். போன வருசம் உன் சைக்கிள. ஒம்போது வருசத்துல உன் கச்சேரிய முன்னாடி நின்னு ஒரு பாட்டு கேட்டிருப்பேனா?"

"இந்த ஒரு வருசம்டி."

"கிட்டாரு ஏலத்துக்குப் பூட்டா அடுத்த வருசம் கேக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. அதான ஊத்தறேன்" என்றாள்.

திருநாள் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வேப்பமரத்தடியில் ஏல மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. கால் கட்டிய இரண்டு சேவலுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவே ஒரு கிட்டார் வைக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். தனிஸ்லாஸ் மேடையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிந்தது. மரியசுந்தரம் அந்த வெயிலிலும் கோட்டோடு வந்திருந்தார். மெடலைப் பார்க்க வந்தவர்களை ஏமாற்ற அவருக்கு மனமில்லை. கோட்டுக்குள் அவர் வெந்துகொண்டிருந்ததால் நீர்மோர்ப் பந்தலில் மூன்று செம்பு குடித்துவிட்டு மேடையேறி, முதல் மொழி, பாபேல், செங்கல் எல்லாவற்றையும் சொன்னார். இறங்கும் வழியில் இன்னொரு செம்பு.

முதல் பாட்டு அந்தோணியார் மேல். கோயில் பாட்டுக்குழுவின் ஆரோக்கிய செல்வி பாட, கிட்டார் பின்னால் போயிற்று. முனகல் இல்லை. கூட்டத்துக்கு முதலில் என்ன குறைகிறது என்று பிடிபடவில்லை. "யூரியா வரல!" என்று ஒரு பையன் கத்தினான், ஏமாந்த குரலில். தனிஸ்லாஸ் முதுகுக்குப் பின்னால் தட்டிக்கு அப்பால் புனலில் தண்ணீர் இறங்குகிற களக் களக் சத்தம் கேட்டது. அவனுக்கு அன்று அதுதான் தாளம்.

இரண்டாவது பாட்டு முடிகிற இடத்தில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அடியில் ஒரு சின்ன 'ம்ம்' எழுந்தது. உடனே களக் களக். அடங்கியது. திரும்பிப் பார்த்தான். தட்டிக்கு மேலே கிரேஸ் மேரியின் கை மட்டும் எழும்பி, குடத்தைக் கவிழ்த்துக் காட்டியது. காலி. அடிபம்பு மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. திருவிழாக் கூட்டம் முழுக்க அதைச் சுற்றி நின்றது.

காத்திருக்க முடியாது. முன் வரிசையில் கமிட்டி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மரியசுந்தரம் மட்டும் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். தனிஸ்லாஸ் மூன்றாவதைத் தொடங்கினான். கீழே மூன்று சுரம் குட்டையாக, மேலே ஒன்று நீளமாக. நல்லி எலும்பும் அந்தோணியார் மெழுகும் சிகரெட் தாளும் சேர்ந்து அந்த நீளச் சுரத்தைப் பிடித்து விட்டெறிந்தன. அது கூட்டத்தின் தலைக்கு மேலே தொட்டுத் தொட்டுப் போயிற்று.

அப்போதுதான் அவளைப் பார்த்தான். இடுப்பில் நிறைகுடத்தோடு மைதானத்தின் குறுக்கே வேகமாக வந்துகொண்டிருந்தவள், மேடைக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டாள். குடத்துத் தண்ணீர் முன்னும் பின்னும் ஆடி நின்றது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கீழே மூன்று, மேலே ஒன்று. தினமும் சாயங்காலம் வீட்டுப் பின்னால் நின்று அவள் கோழிகளைக் கூப்பிடுகிற கூப்பாடு அது. 'பா, பா, பா, பாஆஆ.' மூன்று மாதமாக வண்டு சத்தத்தில் காதுக்குப் பக்கத்தில் கேட்டும் அவளுக்குப் பிடிபடாதது, முன்னால் நின்று கேட்டதும் பிடிபட்டுவிட்டது.

அடியில் 'ம்ம்' எழுந்தது. இந்தத் தடவை பெரிசாக. தனிஸ்லாஸ் புருவத்தால் ஜாடை காட்டினான்: போ, ஊத்து. அவள் ஜாடையைப் பார்க்கவில்லை, அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை தலையை ஆட்டினால் பார்ப்பாள், பார்த்தால் ஓடுவாள், ஓடினால் மறுபடியும் தட்டிக்குப் பின்னால். மேசையில் சேவலுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவே வெள்ளைத் துணி காலியாக இருந்தது. தனிஸ்லாஸ் தலையை ஆட்டவில்லை. 'கேட்டுட்டுப் போவட்டும்' என்று நினைத்தான். 'முழுசா கேக்கட்டும். அப்பறம் போனா போவுது.' முனகல் ஏறியது. இன்னும் இரண்டு மூச்சில் கமிட்டி காதில் விழும்.

விழவில்லை. யாரோ கையை வைத்து வாயைப் பொத்தின மாதிரி முனகல் சட்டென்று நின்றது. நடேசன் கடையில் கேட்டதைவிட, மில் கேன்டீனில் கேட்டதைவிடச் சுத்தமாக, கிட்டார் மைதானத்தின் நடுவில் தனியாக நின்று கோழிகளைக் கூப்பிட்டது. கடைசிச் சுரம் எங்கே போய் முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கால் கட்டிய சேவல் ஒன்று தலையை நிமிர்த்தியது.

கைதட்டல் நடுவே தனிஸ்லாஸ் மேடை ஓரத்துக்கு ஓடினான். நடேசன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் குந்தியிருந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"நீயாண்ணே தண்ணி ஊத்துன?"

"நான் எங்க? இத்த புடிச்சிக்கினு இங்கயே கீறன்."

"அப்ப யாரு?"

நடேசன் சுற்றிலும் பார்த்துவிட்டு அவன் காதருகே வந்தார். "சொல்தா வந்தாருபா. அவசரமா. தட்டி மறைப்பு கீது, குழி கீது, புனல் வேற வச்சிக் கீது. பெரிய மனுசங்களுக்குன்னு பண்ணி வச்ச எடம்னு நெனச்சிட்டாரு போல. நான் இன்னா சொல்ல முடியும்? நாலு செம்பு மோரு. அதுல உப்பு வேற. நான் போட்ட எர்த்துலயே இந்த மாதிரி ஒண்ணு புடிச்சதில்லபா." கொஞ்சம் நிறுத்தி, "கை கழுவ தண்ணி தேடுனாரு. குடம் இல்ல. கோட்டுல தொடச்சிக்கினு பூட்டாரு" என்றார்.

மரியசுந்தரம் அதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சைகோன்ல கூட நான் இப்படி ஒரு சுத்தமான சத்தத்தக் கேட்டதில்ல" என்றார். "முசே தனிஸ்லாஸ் இனிமே வருசா வருசம் இந்த மேடையில வாசிப்பாரு. ஒண்ணு மட்டும் அடக்கத்தோட சொல்லிக்கிறேன். இந்த சத்தத்துக்குப் பின்னாடி என்னோட பங்கும் கொஞ்சம் இருக்குது." சிகரெட் தாளைச் சொன்னார். நடேசன் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

கிரேஸ் மேரி மேடையோரம் வந்தாள். "தண்ணி ஊத்த மறந்துட்டேன் மாமா" என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்து, "என் கோழியப் போயி..." என்று நிறுத்திக்கொண்டாள். காது வரைக்கும் சிவந்திருந்தது. அவன் பதில் சொல்வதற்குள் மரியசுந்தரம், சாமியார் மந்திரித்த ரொட்டிக் கூடையோடு எதிரே நின்றார். அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து பிரெஞ்சு முறையில் நெடுநேரம் குலுக்கினார். முதல் ரொட்டியை எடுத்து அவனுக்குக் கொடுத்தார். இரண்டாவதை அவளுக்கு நீட்டினார். தனிஸ்லாஸ் நடுவில் கையை விட்டு அதையும் வாங்கிக்கொண்டான்.

"என்னுது மாமா அது."

"நேர்ந்துக்கினேன்டி. கிட்டாரு தப்பிச்சா ரெண்டு பேர் ரொட்டியும் நான்தான் திங்கணும்னு."

"எப்ப நேர்ந்துக்கின?"

"இப்பத்தான்."

அவள் பார்த்துக்கொண்டிருக்க, நிறைகுடம் அவள் இடுப்பில் ததும்பிக்கொண்டிருக்க, இரண்டு ரொட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று முடித்தான். மரியசுந்தரம் கூடையோடு நகர்ந்தார். சாமியார் முன்னால் நிற்க, வரிசை ஏல மேசையைச் சுற்றிக்கொண்டு அடிபம்பு வரைக்கும் போயிற்று. அன்று முந்நூற்று நாற்பது பேர் ரொட்டி வாங்கினார்கள். மிச்சம் எதுவும் இல்லை.